குரங்குக் குல்லா போட்ட மாவுப் பானை

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கக்கூடிய வழக்கை, வாயைத் திறந்து தோற்றவன் நான். என்மேல் இதுவரை போடப்பட்டதும் அந்த ஒரு வழக்குதான். ஆகவே நீதித்துறையைப் பொறுத்தவரை என் தோல்வி நூற்றுக்கு நூறு.

எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பதினாறு வருடமாகக் கொல்கத்தாவில், டாக்குரியாவில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். ஜாதவ்பூரில் ஒரு சின்னக் கடை. அப்பளம், காப்பிப்பொடி, நல்லெண்ணெய் எல்லாம் உண்டு. ஆனால் கடை ஓடுவது இட்லி மாவில். விடுதியில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்களும்தான் வாடிக்கை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் உடனே குறித்துக்கொள்வேன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். மீன்காரர் சொன்னது, டாக்சி டிரைவர் சொன்னது, பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவர் போனில் மனைவியிடம் சொன்னது என்று பல நோட்டுகள் சேர்ந்துவிட்டன. (என் மனைவி செண்பகம் சொன்னவை மட்டும் தனி நோட்டு. அதில் பாதிக்கு மேல் என்னைப் பற்றியவை என்பதால் வெளியில் காட்டுவதில்லை.)

இனி மாவு விஷயம். கொல்கத்தாக் குளிர் ஒன்றும் உயிரை வாங்கும் குளிர் அல்ல. ஆனால் அது மாவுக்குத் தெரியாது. டிசம்பர் பிறந்ததும் ராத்திரி ஆட்டி வைத்த மாவு காலையில் அப்படியே, வைத்த இடத்தில், வைத்த மட்டத்தில், ஒரு குமிழிகூட இல்லாமல் கிடக்கும். அதில் வார்த்த இட்லியைச் சுவரில் அடித்தால் சுவருக்குத்தான் சேதம். இந்த ஊரில் தமிழர்கள் அதற்குப் பல வைத்தியம் பார்க்கிறார்கள். அரிசி டப்பாவுக்குள் வைப்பார்கள், இன்வெர்ட்டர் மேல் வைப்பார்கள், ஒரு நண்பர் போர்வைக்குள் வைத்துக் கூடவே படுப்பார். நான் வெயிலைப் பிடித்தேன்.

எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. காலை எட்டு மணிக்குப் பானையைப் பழைய சால்வையால் சுற்றி, தட்டு போட்டு மூடி, மேலே ஒரு குரங்குக் குல்லாவை மாட்டிக் கைப்பிடிச் சுவர்மேல் வெயிலில் உட்கார்த்திவிடுவேன். (குளிர் வந்தால் இந்த ஊரில் ஆண்கள் எல்லோரும் அந்தக் குல்லாவுக்குள் போய்விடுவார்கள். என்னிடம் இரண்டு இருந்தன. நல்லதைப் பானைக்குக் கொடுத்தேன்.) பதினோரு மணிக்கு மாவு கழுத்து வரைக்கும் வரும். பதினொன்றரைக்கு உள்ளே எடுத்துவிட வேண்டும். தெருவில் இருந்து பார்த்தால் யாரோ ஒரு வயதானவர் வெயில் காய்வது போலவே இருக்கும். பேப்பர் போடுகிறவர் ஒருநாள் பானையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஊர்ல இருந்து அப்பா வந்திருக்காரா?" என்று என்னைக் கேட்டார்.

எங்களுக்குக் கீழே முதல் மாடியில் ஷிப்ரா தி. (இந்த ஊரில் 'தி', 'தீதி' என்றால் அக்கா; 'தா', 'தாதா' என்றால் அண்ணன்.) தனியாக இருப்பவர். பாட்டு டீச்சர். எங்கள் மகள் நிலா ஏழு வருடமாக அவரிடம்தான் பாட்டுக் கற்றுக்கொண்டாள். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. தமிழைவிட வங்காளம்தான் அவளுக்குச் சரளமாக வரும். அந்த வருடம் சரஸ்வதி பூஜைக்குத் தெருக் கிளப் மேடையில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடுவதாக ஏற்பாடாகியிருந்தது. பக்கவாத்தியம், ஷிப்ரா தியின் ஹார்மோனியம். அது அவருடைய அம்மா வாசித்தது. அந்தத் தெருவில் பாடத் தெரிந்த எல்லோரும் அதில்தான் 'ஸா' பிடித்தவர்கள்.

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹார்மோனியத்தின் துருத்தியில் ஈரம் ஏறிவிட்டது, இளவெயிலில் கொஞ்ச நேரம் திறந்து வை என்று ரிப்பேர்க்காரர் சொல்லியிருக்கிறார். ஷிப்ரா தி அதைத் தன் பால்கனியில் மேல்பலகையைக் கழற்றி வைத்திருந்தார். பழைய வீடு. அவர் பால்கனி எங்களுடையதைவிட இரண்டடி வெளியே நீண்டிருக்கும். அந்த இரண்டடியில்தான் வெயில் விழும். அந்த இரண்டடிக்கு நேர் மேலேதான் என் பானை.

பதினோரு மணிக்கு நான் செருப்பை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டிய?" என்றாள் செண்பகம், அடுப்படியில் இருந்து.

"சா கடைக்கு. அஞ்சு நிமிஷம்."

"பானைய எடுத்து உள்ள வச்சிட்டுப் போங்க. எனக்குக் கை வேலையா இருக்கு."

"இன்னும் அரைமணி இருக்கு. வந்து வைக்கேன்."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதாக்கும்?"

(இதைத் தனி நோட்டில் குறிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.)

சா கடை ஹொரி தா (சா என்றால் டீ) அன்று அமோகமான மனநிலையில் இருந்தார். "மூணு குடையைத் தொலைச்சேன் தாதா. நாலாவது வாங்கல. இப்ப மழைதான் என்னைத் தேடி வருது, நான் போறதில்ல" என்றார். இதை எழுதிக்கொண்டேன். இன்னொரு சா சொன்னேன். அவர் மச்சினனைப் பற்றி ஆரம்பித்தார். அதையும் எழுதிக்கொண்டேன். மணி பன்னிரண்டரை.

வீட்டு வாசலுக்கு வந்தபோது ஷிப்ரா தி என் குரங்குக் குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து வெள்ளையாகச் சொட்டியது.

"ஷொங்கொரொன் தா, இது உங்களோடதா?" (என் பெயர் வங்காள வாயில் இப்படித்தான் உருளும்.)

"ஆமா. எங்க கிடைச்சுது?" என்றேன்.

உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மாவு பொங்கி, தட்டைத் தள்ளி, குல்லாவைத் தள்ளி, வெளிப்பக்கமாகவே வழிந்திருக்கிறது. திறந்து கிடந்த ஹார்மோனியத்துக்குள் ஒரு இடம் விடாமல் நிரம்பியிருந்தது. நானே ஊற்றியிருந்தால்கூட அவ்வளவு சமமாக ஊற்றியிருக்க மாட்டேன்.

ஷிப்ரா தி கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "பைசா வேண்டாம் தாதா. என் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நானே ரிப்பேர் பண்ணிக்கிறேன்" என்றார்.

ஒரு வார்த்தைதான். எனக்கு வார்த்தைப் பஞ்சம் இருந்ததே கிடையாது. ஆனால் என் வாயில் வந்தது வேறு: "அது சரி தீதி, ஹார்மோனியத்தை நீங்க ஏன் அங்க வச்சீங்க?"

அவர் குல்லாவைப் பிழிந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்பா, போய் ஒரு சாரி சொல்லிட்டு வாங்கப்பா" என்றாள் நிலா, அன்று சாயங்காலம்.

"சாரி சொன்னா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"தப்புதானே?"

"அதை எப்படி நாமே சொல்றது?"

மறுநாள் முதல் நிலா பாட்டு வகுப்புக்குப் போகவில்லை. ஷிப்ரா தி வராதே என்று சொல்லவில்லை. இரண்டு தடவை ஆள்விட்டுக் கூப்பிட்டார். இவள்தான், "எந்த முகத்தோட போவேன்? நீங்க சாரி சொல்லுங்க, போறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். கீழே பாட்டுச் சத்தமும் நின்றுபோனது. ஒரு மாணவியின் அப்பா வக்கீல் குமாஸ்தா. அவர், "அப்படியே வையுங்க, தொடாதீங்க, அது சாட்சி" என்று சொல்லிவிட்டாராம். மாவு உள்ளேயே இருக்க, ஹார்மோனியம் படுக்கை விரிப்பால் மூடப்பட்டது.

ஜனவரியில் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கவனக்குறைவால் பொருட்சேதம், அலிப்பூரில் மக்கள் நீதிமன்றம், இன்ன தேதிக்கு வரவும்.

செண்பகம் அதைப் படித்துவிட்டு, "மாடிப்படி பதினாறுதான் இருக்கு. இறங்கிப் போயிட்டு வந்துருங்க" என்றாள்.

நான் இறங்கவில்லை. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கினேன். எனக்கு நானே வக்கீல் என்று முடிவு செய்திருந்தேன். பதிமூன்று வருடமாகப் பேசியே மாவு விற்றவனுக்கு மூன்று பேர் முன்னால் பேசுவதா கஷ்டம்? அந்தப் புத்தகத்தில் கவனக்குறைவுக்கு யார் பொறுப்பு என்ற அத்தியாயத்தை யாரோ கிழித்திருந்தார்கள். யாரெல்லாம் பொறுப்பில்லை என்ற அத்தியாயம் முழுசாக இருந்தது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பதினொரு பக்கம் எழுதினேன். முதலாவது, வெயில் தெய்வச் செயல். இரண்டாவது, குளிர்காலத்தில் கொல்கத்தாவில் மாவு பொங்காது என்பது தென்னிந்தியர் அனைவரும் அறிந்தது. அது பொங்கும் என்று ஒரு சாதாரண மனிதன் எதிர்பார்த்திருக்க முடியாது. எதிர்பார்க்க முடியாததற்கு அவன் பொறுப்பாக முடியாது. மூன்றாவது, மாடிக்குக் கீழே ஹார்மோனியத்தைத் திறந்து வைத்தவருக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாவதுதான் என் பிரம்மாஸ்திரம். அதைக் கண்ணாடி முன் நின்று வங்காளத்தில் பயிற்சி செய்தேன். (நான் பேசும் வங்காளம் மீன் சாப்பிடாத வங்காளம். ஆனால் புரியும்.)

அந்த நாள் காலையில் டாக்குரியாவில் டாக்சியே இல்லை. அரைமணி நேரம் நின்ற பிறகு ஒரு மஞ்சள் டாக்சி வந்தது. கைகாட்டினேன். எனக்கு இரண்டடி தள்ளி ஷிப்ரா தியும் கைகாட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் விரிப்பால் கட்டிய ஹார்மோனியத்தோடு. டிரைவர் எங்கே என்றதும் இருவரும் அலிப்பூர் என்றோம். அவர், "ஒரே இடம்தானே? எல்லாரும் ஏறுங்க" என்றார். ஷிப்ரா தி முன்னால் ஏறினார். செண்பகம், நிலா, நான் பின்னால். டிக்கியில் ஸ்டெப்னியும் டிரைவரின் படுக்கையும் இருந்ததால் ஹார்மோனியம் என் மடிக்கு வந்தது. எனக்கு எதிரான சாட்சியை நானே தாலாட்டிக்கொண்டு போனேன். புளித்த வாசனை வண்டி முழுக்க இருந்தது.

"எங்க கச்சேரி?" என்று கேட்டார் டிரைவர்.

செண்பகம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

அலிப்பூரில் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி, சாந்தமான முகம், அவரும் குரங்குக் குல்லா. ஒரு பக்கம் வக்கீல் அம்மா. இன்னொரு பக்கம் சமூக சேவகர் ஒருவர். அவர் கடைசி வரைக்கும் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார்.

"இங்க ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம் கிடையாது. ரெண்டு பேரும் பேசி, ஒத்துப்போனா எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அவ்வளவுதான்" என்றார் நீதிபதி.

பதினொரு பக்கம் எழுதியவனிடம் சொல்கிற பேச்சா இது? காகிதத்தை நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், "வாயாலேயே சொல்லுங்களேன்" என்றார்.

அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொல்லக்கூடாது.

வெயிலைச் சொன்னேன். தலையாட்டினார். இரண்டாவதுக்கு வந்தேன். குளிரில் மாவு பொங்காது என்பதை உளுந்தில் ஆரம்பித்து விளக்கினேன். நீதிபதி முழுக்கக் கேட்டார். முகத்தில் அனுதாபம் படர்ந்தது. "இவர் சொல்றது நியாயம்தான். என் மருமக பெங்களூர்ப் பொண்ணு. இந்தக் குளிர்ல மாவு பொங்கறதே இல்லைன்னு தினம் சொல்வா" என்றார் வக்கீல் அம்மாவிடம்.

வழக்கு அங்கே என் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரத்தான் போனேன். நாற்காலியில் பாதி இறங்கியும்விட்டேன்.

"கடியாஹாட்ல ஒரு கடை இருக்காம்" என்று தொடர்ந்தார் அவர். "அந்தக் கடை மாவு மட்டும்தான் இந்த ஊர்லயே குளிர்ல பொங்குமாம். இவரோடது பாவம், அப்படி இல்ல போல."

நான் எழுந்துவிட்டேன்.

"மன்னிக்கணும் சார். கடியாஹாட் மாவுல சோடா உப்பு. சோடா பொங்கறதும் மாவு பொங்கறதும் ஒண்ணு இல்ல. என் மாவு பதிமூணு வருஷமா குளிர்ல பொங்குது. மார்கழியிலயும் பொங்கும், தை மாசமும் பொங்கும். எட்டு மணிக்கு வெயில்ல வச்சா பதினொண்ணுக்குக் கழுத்துல நிக்கும். சரியா பன்னெண்டு மணிக்கு மூடியைத் தட்டும் சார். நீங்க கடிகாரத்தைச் சரி பண்ணிக்கலாம்."

பின்னாலிருந்து நிலா என் சட்டையை இழுத்தாள். "அப்பா. உக்காருங்கப்பா."

"இரும்மா, சாருக்குத் தெரியணும்."

"சரியா பன்னெண்டுக்கா?" என்றார் நீதிபதி.

"அடிச்சுச் சொல்றேன் சார்."

அவர் பேனாவை எடுத்தார். "விபத்து எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டு பத்துக்கு" என்றார் ஷிப்ரா தி, மெதுவாக.

"பத்து நிமிஷம் லேட்டா தட்டியிருக்கே?" என்றார் வக்கீல் அம்மா.

இப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பானையின் மானம் பறக்கிறதே.

"அன்னைக்குக் கொஞ்சம் மேகமா இருந்துது மேடம்" என்றேன்.

அந்த அறையில் பத்துப் பதினைந்து பேர் தங்கள் வழக்குக்காகக் காத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய்ச் சண்டை, வாடகைச் சண்டை என்று வந்தவர்கள். அத்தனை பேரும் ஒருவரையொருவர் மறந்து என்னைப் பார்த்தார்கள்.

"பன்னெண்டுக்கு அது பொங்கும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார் நீதிபதி. "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"சா கடையில."

"பானை சுவர் மேல?"

"ஆமா."

"சொல்லி எச்சரிக்க வீட்டுல யாரும் இல்லையா?"

"நான் சொன்னேன்" என்றாள் செண்பகம், தமிழில். நிலா எழுந்து நின்று அதை வங்காளத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, தானாக ஒன்றையும் சேர்த்தாள்: "எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் சார். அப்பாவுக்கும் தெரியும். ஷிப்ரா மாஷி முன்னால சொல்லத்தான் வரல. அவர் சொன்னாத்தான் நான் பாட்டுக் கிளாசுக்குப் போக முடியும்."

நான் என் பதினொரு பக்கத்தைப் புரட்டினேன். இதற்குப் பதில் அதில் இல்லை. கிழிந்துபோன அத்தியாயத்தில் இருந்திருக்கலாம்.

நீதிபதி ஷிப்ரா தியிடம், "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்றார்.

"அன்னைக்குக் கேட்டதுதான் சார்."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "என் தப்புதான் தீதி" என்றேன். சொல்லி முடிக்க இரண்டு விநாடிகூட ஆகவில்லை. பதினாறு படி இறங்கிச் சொல்ல வேண்டியதை, அலிப்பூர் வழியாகச் சுற்றி வந்து சொல்லியிருக்கிறேன்.

ஷிப்ரா தி, "டீக் ஆச்சே" என்றார். அவ்வளவுதான். சரி என்று அர்த்தம்.

சமரசம் எழுதப்பட்டது. ரிப்பேர்ச் செலவு என்னுடையது. ஹார்மோனியத்தை எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவருவதும் என் பொறுப்பு. கைப்பிடிச் சுவர்மேல் இனி எந்தப் பாத்திரமும், 'தலைக்கவசத்துடனோ இல்லாமலோ', வைக்கக்கூடாது. (அந்த வாசகம் வக்கீல் அம்மாவின் கைங்கரியம்.) கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது நீதிபதியின் உதவியாளர் பின்னாலேயே ஓடிவந்தார். இன்னும் ஏதாவது தண்டனை பாக்கியோ என்று நின்றேன். சார் கடை விலாசம் கேட்கிறாராம், மருமகளுக்கு.

ரிப்பேர்க்காரர் ஹார்மோனியத்தைத் திறந்து உள்ளே விரலால் தட்டிப் பார்த்தார். "நாப்பது வருஷத் தொழில் தாதா. எலி எடுத்திருக்கேன், பாக்கு எடுத்திருக்கேன், ஒரு தடவை மோதிரம் எடுத்தேன். இதை உளியால உடைச்சுத்தான் எடுக்கணும்" என்றார். கடை வாசலில் நான்கு நாள் உட்கார்ந்து, உள்ளே இருந்த பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாக நானும் சுரண்டினேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் தயாரானது. எல்லாக் கட்டையும் சரி. 'பா' கட்டை மட்டும் அழுத்தினால் உடனே எழும்பாது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மேலே வரும்.

சரஸ்வதி பூஜை அன்று நிலா மஞ்சள் புடவையில் மேடையேறினாள். ஷிப்ரா தி வாசித்தார். நான் கடைசி வரிசையில், பிரசாதக் கிச்சடித் தட்டோடு. பாட்டின் நடுவில் 'பா' வந்தது. கட்டை எழும்பவில்லை. நிலா ஷிப்ரா தியைப் பார்த்தாள். ஷிப்ரா தி கட்டையைப் பார்த்தார். கட்டை எழும்புகிறவரை நிலா மூச்சைப் பிடித்து அந்த ஸ்வரத்திலேயே நின்றாள். ஒருவழியாக அது எழும்பியதும் பாட்டு நகர்ந்தது. என்ன கார்வை, என்ன கார்வை என்று பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். இன்றுவரைக்கும் ஷிப்ரா தியிடம் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போகிறார்கள். அது அந்தப் பாட்டின் முறை என்றே அவர்கள் நினைக்கிறார்கள்.

வீட்டில் இப்போது நான் எதைப் பற்றியாவது கொஞ்சம் பெருமையாக ஆரம்பித்தால் போதும். செண்பகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். "மணி என்னாச்சு நிலா?" என்பாள். "பன்னெண்டு ஆகப்போகுதும்மா" என்று பதில் வரும். நான் நிறுத்திவிடுவேன். நிலா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வெளியூரில் இருந்தால் போனிலும் இதே பதில்தான்.

போன வாரம் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டினேன். ஊரார் சொன்னதை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் அந்த நோட்டுகளில் நான் சொன்னது என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஹொரி தாவின் குடை வாசகத்துக்குக் கீழே, நிலாவின் கையெழுத்தில்:

"'சரியா பன்னெண்டு மணிக்கு மூடியைத் தட்டும் சார்.' சொன்னவர் அப்பா, அலிப்பூரில்."

அதற்கும் கீழே பச்சை மையில், வங்காள எழுத்தில் ஷிப்ரா தி ஒரு திருத்தம் போட்டிருந்தார்:

"மேகமாக இருந்தால் பன்னிரண்டு பத்து."